கச்சான் வீசும் கரையோரம்

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்லடிப் பாலத்தைக் கடந்து தெற்கே திரும்பினால், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக நீண்டு கிடக்கிறது ஒரு மணல் திட்டு. அதன் மேல்தான் கிழக்கிலங்கை முஸ்லிம்களின் பேரூர்கள் பல வரிசையாக அமைந்திருக்கின்றன. காத்தான்குடி, மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று ஒன்றன்பின் ஒன்றாக ஊர்கள் வரும். இடையிடையே ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி, காரைதீவு போன்ற தமிழ் ஊர்கள். கல்முனைக்கு அப்பால் வாவி முடிந்து, மேற்குப் பக்கமெல்லாம் வயல்வெளி.

மாரி காலத்தில் இந்தப் பாதையில் பயணம் செய்தவர்கள் இதன் பசுமையை மறக்கமாட்டார்கள். ஆனால் சகோதரிகளே, இந்த ஊர்களின் இன்னொரு முகத்தைக் காண வேண்டுமானால் நீங்கள் மே மாதத்துக்கும் ஓகஸ்ட் மாதத்துக்கும் இடையில் வரவேண்டும். அது கச்சான் காலம்.

கச்சான் என்றதும் சுருளில் கட்டி விற்கும் கடலைதான் நம்மில் பலருக்கு நினைவு வரும். கிழக்கு மக்களுக்கோ அது ஒரு காற்றின் பெயர். மேற்கிலிருந்து வரும் சூடான, வறண்ட காற்று. உடுப்பைக் கொடியில் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்த் திரும்புவதற்குள் அது காய்ந்துவிடும். உதடு வெடிக்கும். முற்றத்து மணலில் வெறுங்காலோடு நடக்க முடியாது.

மழையும் வெயிலும் ஒரே காற்றில்

கொழும்பிலும் காலியிலும் களுத்துறையிலும் இருப்பவர்களுக்குத் தென்மேல் பருவக்காற்று என்றால் மழை. அதே காற்றுத்தான் கிழக்கில் இந்த வெக்கையைக் கொண்டு வருகிறது. கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வரும் காற்று மத்திய மலைநாட்டில் ஏறும்போது குளிர்ந்து, மேற்குச் சரிவில் தன் மழையையெல்லாம் கொட்டிவிடுகிறது. பிறகு மலையின் கிழக்குப் புறமாக இறங்குகிறது. ஈரமில்லாத காற்று கீழே இறங்கும்போது ஒவ்வொரு 1,000 மீற்றருக்கும் ஏறக்குறைய 10 பாகை செல்சியஸ் சூடேறும். மகாஓயாப் பக்கக் காடுகளையும் காய்ந்த வயல்களையும் கடந்து கரையோரத்துக்கு வந்து சேரும்போது அதில் குளிர்ச்சி ஏது?

ஏப்ரல் 5ஆம் திகதிக்கும் 15ஆம் திகதிக்கும் இடையில் சூரியன் நம் நாட்டுக்கு நேர் மேலே வருகிறது. அதோடு வெயில் குறைந்துவிடும் என்று மற்ற ஊர்க்காரர்கள் எண்ணலாம். கிழக்கிலோ அதற்குப் பிறகுதான் உண்மையான சோதனை தொடங்குகிறது. வெப்பமானி 35 பாகையைத் தாண்டும் நாட்கள் தொடர்ந்து வருவதுண்டு.

நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். மன்னாரிலும் புத்தளத்திலும் அநுராதபுரத்திலும் ஹம்பாந்தோட்டையிலும் வெயில் இப்படித்தான் சுடுகிறது. கிழக்கு மக்கள் இதற்கு எப்படி ஈடுகொடுக்கிறார்கள், எங்கே தவறிவிடுகிறார்கள் என்று பார்ப்பதில் எல்லோருக்கும் பயனுண்டு.

காத்தான்குடியின் பேரீச்சையும் சீதன வீடும்

காத்தான்குடிக்குள் நுழைந்ததும் பிரதான வீதியின் நடுவே வரிசையாகப் பேரீச்சை மரங்களைக் காண்பீர்கள். புதிதாக வருபவர்கள் நின்று படமெடுத்துக்கொள்வார்கள். ஆண்டின் நடுப்பகுதியில் அவை குலை குலையாகக் காய்க்கின்றன. பேரீச்சை காய்த்துப் பழுப்பதற்கு வறண்ட சூடு வேண்டும். அரபு நாட்டு மரத்துக்கு ஏற்ற வெயில் இங்கே அடிக்கிறது என்றால் மனிதர் பாடு எப்படியிருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

வீதியை விட்டு உள் ஒழுங்கைகளுக்கு வாருங்கள். நாட்டிலேயே சனநெரிசல் மிகுந்த ஊர்களில் ஒன்று இது. வீட்டோடு வீடு ஒட்டி நிற்கும். இதற்குக் காரணமான பழக்கம் ஒன்று உண்டு. கிழக்கு முஸ்லிம்களிடையே மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்து, மாப்பிள்ளையை அந்த வீட்டுக்கு அழைப்பதே வழக்கம். மூன்று பெண் பிள்ளைகள் இருந்தால் வளவு மூன்றாகப் பிரியும். அந்த மூன்றும் அடுத்த தலைமுறையில் இன்னும் சிறிதாகும். உம்மம்மா காலத்தில் மாவும் வேம்பும் பூவரசும் நின்ற வளவு இன்று நான்கு கூரைகளாகிவிட்டது. ஒவ்வொரு வீடு எழும்பும்போதும் ஒரு நிழல் விழுந்துபோனது.

எஞ்சிய நிழலிலும் பெரும் பகுதியை இரண்டு பேரழிவுகள் கொண்டு போயின. 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு அடித்த சூறாவளி இக்கரையின் தென்னந்தோட்டங்களைச் சாய்த்தது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி வந்த சுனாமி கடலோர மரங்களை வேரோடு பிடுங்கியது. அதன் பிறகு எழுந்தவை பெரும்பாலும் கல் வீடுகள். புயலுக்கு அவை நல்லவை. ஆனால் பகல் முழுவதும் குடித்த வெயிலைக் கொங்கிறீட் இரவில்தான் திருப்பித் தரும். அதனால்தான் மஃரிபுக்குப் பிறகும் வீட்டுக்குள் இருக்க முடியாமல் பெண்கள் வாசற்படியில் வந்து அமர்கிறார்கள்.

இருக்கிற வீட்டை இடித்துவிட முடியாது. ஆனால் சிலவற்றைச் செய்ய முடியும். கச்சான் மேற்கிலிருந்து வருவதால் காலை ஒன்பது மணிக்கு முன்பே மேற்குப் பக்க யன்னல்களைச் சாத்தி, உட்புறம் தடித்த சீலையோ பன்பாயோ தொங்கவிடுங்கள். பாயை அவ்வப்போது நனைத்துவிட்டால் இன்னும் நல்லது. வெளியே வெக்கை தணிந்ததும் எல்லா யன்னல்களையும் திறந்துவிடுங்கள். தகரக் கூரையின் மேல் கிடுகு வேய்ந்தால் உள்ளே பெரிய வித்தியாசம் தெரியும். ஆனால் அடுப்புப் புகைபோக்கிக்குப் பக்கத்தில் கிடுகு வேண்டாம். கச்சான் நாளில் ஒரு பொறி போதும். அதே காரணத்துக்காக முற்றத்துக் குப்பையைக் காற்று வீசும் பகலில் கொளுத்தவே கூடாது. கூரைக்கு வெள்ளைப் பூச்சு அடிப்பதும் பலன் தரும்.

மின்விசிறி இருக்கிறதே என்று நம்பியிருக்க வேண்டாம். காற்றின் சூடு உடலின் சூட்டை நெருங்கிவிட்டால், விசிறி சூட்டுக் காற்றைத்தான் நம்மீது வீசும். அப்போது உடலில் ஈரம் இருக்க வேண்டும். முகம், கழுத்து, கைகளை நனைத்துக்கொண்டு விசிறியின் முன் அமருங்கள். ஐவேளை வுழூச் செய்கிற நமக்கு இது புதிய பாடமல்ல.

கிணறும் பானையும்

இந்த மணல் ஊர்களில் சில அடி தோண்டினாலே தண்ணீர் வரும். அது அல்லாஹ்வின் அருட்கொடை. ஆனால் வீடுகள் நெருங்கியபோது கிணறும் மலசலகூடக் குழியும் நெருங்கிவிட்டன. கச்சான் காலத்தில் நீர்மட்டம் இறங்க, அழுக்கின் செறிவு கூடுகிறது. கொதிக்கவைத்தால் கிருமிகள் அழியும். நீரில் கரைந்த நைத்திரேற்று போன்றவை கொதிக்கவைப்பதால் போய்விடமாட்டா. ஆகவே மாப்பால் குடிக்கும் குழந்தை இருக்கும் வீட்டில், ஊர்க் கிணற்று நீரில் பால் கரைக்க வேண்டாம். உன்னிச்சைக் குளத்து நீர் சுத்திகரிக்கப்பட்டுக் குழாய் வழியே இப்பகுதிக்கு வருகிறது. அந்த நீரைக் கொதிக்கவைத்து ஆற்றிப் பயன்படுத்துங்கள்.

குழாய் நீர் வராத நாட்களுக்காகப் பீப்பாய்களில் சேமிப்பவர்கள் மூடியில் கவனமாக இருங்கள். திறந்த பீப்பாயில் ஒரு கிழமைக்குள் நுளம்புக் குடம்பிகள் வளர்ந்துவிடும். மழை இல்லாத காலத்திலும் டெங்கு வருவது இதனால்தான். பாத்திரங்களை மூடிவைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்த ஒழுக்கம் இங்கே நோய்த் தடுப்பாகவும் ஆகிறது.

குடிநீருக்கு மண் பானையை மீண்டும் வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். பானையின் நுண்துளைகளில் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீர் குளிர்கிறது. காற்று எவ்வளவு வறண்டிருக்கிறதோ அவ்வளவு நன்றாகக் குளிரும். அதாவது, நம்மை வாட்டும் கச்சானே பானைத் தண்ணீரைக் குளிரவைக்கிறது. குளிரூட்டி இல்லாத வீட்டில் நீரிழிவு நோயாளிக்கு இன்சுலின் இருந்தால், தண்ணீர் புகாத பையிலிட்டு, ஈரமாக வைத்திருக்கும் மண் பானைக்குள் நிழலான இடத்தில் வையுங்கள். யன்னலோரத்திலோ வெயிலில் நிற்கும் வாகனத்திலோ விட்ட இன்சுலின் கெட்டுப்போகும்.

மருதமுனைத் தறியடியில்

மருதமுனை கைத்தறிக்குப் பெயர்போன ஊர். தறியில் ஆண்களும் பெண்களும் வேலை செய்கிறார்கள். கால் மிதிக்க, கை நாடாவை எறிய, நாள் முழுவதும் உடல் உழைக்கும் வேலை. தகரக் கொட்டிலின் கீழ் இந்த வேலையைச் செய்யும்போது ஒரு மணித்தியாலத்தில் எவ்வளவு வியர்வை போகிறதென்று எவரும் அளப்பதில்லை. தறிக்காரருக்கு மட்டுமா? தையல் மெஷினில் இருப்பவர், பாய் இழைப்பவர், கலியாண வீட்டுக்குப் பலகாரம் சுடுபவர் எல்லோருக்கும் இதே கதைதான்.

பெண்களிடம் ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது. வெளியே போகும்போதும் வேலைத்தலத்திலும் மலசலகூட வசதி சரியில்லை என்பதால் தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுகிறோம். சிறுநீர்க் கடுப்பும் சிறுநீரகக் கல்லும் இப்படித்தான் வந்து சேர்கின்றன. சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள். வைக்கோல் நிறமென்றால் போதியளவு குடித்திருக்கிறீர்கள். தேயிலைச் சாயம் போலிருந்தால் உடல் எச்சரிக்கிறது. தாகம் எடுக்கும்வரை காத்திராமல் சிறிது சிறிதாகக் குடியுங்கள். பெண்கள் வேலை செய்யும் இடத்தில் ஒரு சுத்தமான மலசலகூடம் கேட்டுப் பெறுவதும் சுகாதாரத்தின் ஒரு பகுதியே.

மோர், இளநீர், கஞ்சி, வத்தகப்பழம், வெள்ளரிப்பழம் எல்லாம் இந்தக் காலத்துக்காகவே படைக்கப்பட்டவை போலிருக்கின்றன. மட்டக்களப்பு எருமைத் தயிரில் ஒரு கரண்டியைத் தண்ணீரில் அடித்து, உப்பும் சின்ன வெங்காயமும் சேர்த்தால் எந்தப் போத்தல் பானமும் அதற்கு ஈடாகாது. சிறுநீரக நோயும் உயர் இரத்த அழுத்தமும் உள்ளவர்கள் மட்டும் உப்பு, இளநீர் பற்றி டொக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கறுப்பு அபாயா வெயிலுக்கு ஆகாதா என்று பலர் கேட்பதுண்டு. பாலைவனத்து நாடோடி அரபிகளின் கறுப்பு அங்கியை ஆராய்ந்து 1980இல் வெளியான ஓர் ஆய்வு, அங்கி தளர்வாக இருந்தால் உள்ளே காற்று ஓடிச் சூட்டை வெளியேற்றிவிடுகிறது என்று கண்டது. வெள்ளை அங்கிக்கும் கறுப்பு அங்கிக்கும் உடலுக்குச் சேரும் சூட்டில் வேறுபாடு தெரியவில்லை. ஆகவே நிறத்தைவிடத் தளர்வையும் துணியையும் கவனியுங்கள். உள்ளே இறுக்கமான நைலோன் உடுப்புப் போட்டு, மேலே தடித்த பொலியெஸ்ரர் அணிவதுதான் ஆபத்து. உள்ளே பருத்தியே நல்லது.

சம்மாந்துறை வயலோரம்

காரைதீவுச் சந்தியில் மேற்கே திரும்பினால் சம்மாந்துறை. சிறுபோக வேளாண்மை விளைந்து அறுவடையாகும் காலம் கச்சான் காலத்தோடு சேர்ந்தே வருகிறது. இன்று அறுவடை இயந்திரம் வந்துவிட்டாலும், வரம்பில் நிற்பவரும் மூட்டை தூக்குபவரும் நெல்லைக் காயவிடுபவரும் வெயிலில்தான் நிற்கிறார்கள்.

வயலுக்குப் போகும் கணவருக்கும் பிள்ளைக்கும் சோற்றோடு தண்ணீரும் கட்டிக் கொடுக்கிறோம். அதோடு இந்த இரண்டு நிலைகளின் வேறுபாட்டையும் சொல்லிக் கொடுங்கள்.

முதலாவது, வெப்பக் களைப்பு. கடும் வியர்வை, தலையிடி, தலைச்சுற்று, குமட்டல், கால் தசை பிடித்தல். ஆள் நிதானமாகப் பேசுவார். அவரை நிழலுக்குக் கொண்டுவந்து, உடுப்பைத் தளர்த்தி, உடலை நனைத்து, ஜீவனிக் கரைசலைச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். ஜீவனி இல்லாவிட்டால் கொதித்தாறிய ஒரு லீற்றர் நீரில் ஆறு மட்டத் தேக்கரண்டி சீனியும் அரை மட்டத் தேக்கரண்டி உப்பும் கரையுங்கள். அரை மணித்தியாலத்தில் தெளிவு வராவிட்டால் வைத்தியசாலைக்கு.

இரண்டாவது, வெப்ப அடிப்பு. உடல் வெப்பம் 40 பாகை செல்சியஸையோ அதற்கு மேலோ எட்டிவிடும். ஆள் உளறுவார், தடுமாறுவார், வலிப்பு வரலாம், மயங்கி விழலாம். சிலருக்கு வியர்வை நின்று தோல் காய்ந்திருக்கும். உழைத்துக்கொண்டிருந்தவருக்கு வியர்வை இருக்கவும் கூடும். இது உயிருக்கு ஆபத்தான நிலை. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய இலவச அம்பியூலன்ஸ் வரும். அது வரும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டாம். நிழலில் கிடத்தி, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்திலும் கக்கத்திலும் தொடை இடுக்கிலும் ஐஸ் அல்லது ஈரத் துணி வையுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். பனடோல் இந்தச் சூட்டைக் குறைக்காது. முதலில் குளிர்வியுங்கள், பிறகு ஏற்றிச் செல்லுங்கள்.

பிள்ளை பெற்ற வீடும் மூத்தம்மாவின் அறையும்

பயணத்தில் ஊர்களைப் பார்த்தோம். இனி வீட்டுக்குள் இரண்டு அறைகளைப் பார்ப்போம்.

பிள்ளை பெற்ற தாயை நாற்பது நாள் காற்றுப் படாமல் வைத்திருப்பது நம் முன்னோர் வழக்கம். கூதல் காலத்தில் அதற்கு ஒரு நியாயம் இருந்தது. கச்சான் காலத்தில் யன்னலைச் சாத்தி, பிள்ளையின் தலையிலிருந்து கால்வரை துணியால் சுற்றி, தொட்டிலையும் மூடிவிட்டால் அந்தப் பச்சைக் குழந்தையின் சூடு எங்கே போகும்? சிசுவுக்கு வியர்த்துக் குளிரும் திறன் மிகக் குறைவு. அதற்குச் சொல்லவும் தெரியாது. மெல்லிய பருத்தித் துணி ஒன்று போதும். அறையில் காற்றோட்டம் இருக்கட்டும். ஆறு மாதம் வரை, எவ்வளவு வெயிலானாலும், தாய்ப்பாலைத் தவிரத் தண்ணீர்கூடத் தேவையில்லை. அடிக்கடி பால் கொடுங்கள். தண்ணீர் குடிக்க வேண்டியவர் தாய். மாமிமார் கோபிக்காமல் இதை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

அடுத்தது மூத்தம்மாவின் அறை. வயது போனவர்களுக்குத் தாகம் தெரிவது குறைந்துவிடும். பிரஷருக்குக் குடிக்கும் சில மாத்திரைகள் உடல் நீரை வெளியேற்றும். அவற்றைத் தாமாக நிறுத்தக் கூடாது. கச்சான் தொடங்கும்போதே டொக்டரிடம் விசாரிக்க வேண்டும். வீடு சிறிதானதால் பல இடங்களில் முதியவர்களின் கட்டில் பின் விறாந்தையில், தகரத்தின் கீழ் கிடக்கிறது. வீட்டின் குளிர்ச்சியான அறை பகலில் அவர்களுக்கு உரியதாகட்டும். நேரத்துக்கு நேரம் ஒரு கோப்பை கையில் கொடுங்கள். வழக்கத்துக்கு மாறாகப் பேச்சுக் குழம்பினால் வயசுக்கோளாறு என்று விட்டுவிடாதீர்கள்.

அடுப்படியில் நிற்கும் உங்களையும் மறக்க வேண்டாம். பகல் சமையலைக் காலை ஒன்பதுக்குள் முடித்துவிடுங்கள். தேங்காய்ப்பால் கறியும் கோழிக் கறியும் இந்த வெக்கையில் வேகமாகக் கெடும். கலியாண வீட்டுச் சஹன் சோற்றை இரண்டு மணித்தியாலம் வெளியே வைத்திருந்து உண்ண வேண்டாம். பிற்பகலில் சிறிது கண்ணயர்வதை மார்க்கம் வரவேற்கிறது. அந்த உறக்கத்தை யாரும் சோம்பல் என்று சொல்ல முடியாது.

பள்ளிவாசலும் அயல்வீடும்

வெயில் கடுமையாகும்போது ளுஹர் தொழுகையைச் சற்றுக் குளிரும்வரை பிற்படுத்தும்படி நபி (ஸல்) அவர்கள் கூறியிருக்கிறார்கள். வணக்கத்திலேயே இப்படி இலகு தந்த மார்க்கம், பிள்ளைகளை நடுப்பகலில் டியூஷனுக்கு நடக்கவைக்கச் சொல்லுமா? 2014 முதல் 2018 வரை றமழான் கச்சான் காலத்தில் வந்தது. நோயாளிக்கும் பிரயாணிக்கும் பின்னர் நோற்க அல்குர்ஆன் அனுமதி தந்திருக்கிறது. அதை மறந்து மயங்கி விழுவதில் சிறப்பில்லை.

2024 ஹஜ்ஜின்போது மக்காவில் வெப்பம் 50 பாகையைத் தாண்டியது; 1,300க்கும் அதிகமான ஹாஜிகள் உயிரிழந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் உரிய அனுமதியின்றிச் சென்று, தங்குமிடமும் நிழலும் இல்லாமல் நெடுந்தூரம் நடந்தவர்கள் என்று சவூதி அரசு அறிவித்தது. நிழலும் நீரும் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் இடையிலான தூரம் அவ்வளவுதான். நம் ஊரிலும் அப்படியே. வளிமண்டலவியல் திணைக்களம் வெப்ப எச்சரிக்கை விடும் நாளில், உங்கள் ஒழுங்கையில் தனியே இருக்கும் விதவை யார், படுக்கையில் கிடப்பவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். காலையில் ஒரு தடவை, அஸருக்கு முன் ஒரு தடவை மதிலுக்கு மேலால் குரல் கொடுங்கள். பதில் வராவிட்டால் போய்ப் பாருங்கள். பள்ளிவாசல் வாசலில் குளிர்ந்த நீர்ப் பானை ஒன்றை வையுங்கள். தாகித்த நாய்க்கு நீர் புகட்டியவருக்கே அல்லாஹ் பாவத்தை மன்னித்தான் என்றால், வெயிலில் மீன் விற்று வருபவருக்கு நீர் கொடுப்பதன் நன்மையை என்னென்பது!

இவையெல்லாம் இந்த வருடக் கச்சானுக்கு. வரப்போகும் கச்சான்களுக்கு நிழல் வேண்டும். ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதனோ பறவையோ மிருகமோ உண்டால் அது அவருக்குத் தர்மமாகும் என்பது நபிமொழி. வளவில் இடமில்லையென்றால் பள்ளிவாசல் வளவும் மையவாடியும் பாடசாலை மைதானமும் இருக்கின்றன. ஒக்டோபர் கடைசியில் மழை தொடங்கும்போது நட்டால் அந்த மாரி முழுவதும் கன்று வேர்பிடிக்கும். அடுத்த கச்சானில் பாத்திரம் கழுவிய நீரை அதன் அடியில் ஊற்றினால் தப்பிவிடும்.

இனி மகளுக்கு வீடு கட்ட வளவைப் பிரிக்கும் உம்மாமார்களிடம் ஒரு வேண்டுகோள். அறைகளின் அளவைக் குறிக்கும்போது ஒரு வேம்புக்கான இடத்தையும் சேர்த்துக் குறியுங்கள். ஓர் அறை சற்றுச் சிறிதானாலும் பரவாயில்லை. உங்கள் பேத்தி அந்த மர நிழலில் அமர்ந்து பிள்ளைக்குப் பால் கொடுப்பாள், இன்ஷா அல்லாஹ்.